தறிக்குடோன் முதல் சாளை வரை சொந்த டெலிபோன்: கேள்வி பதில்

கேள்வி: வீடு, தறிக்குடோன், தோட்டத்துச் சாளை (தோட்ட வீடு) மூன்றுக்கும் சேர்த்து, ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஆஸ்டரிஸ்க் என்ற டெலிபோன் சர்வர் மென்பொருளைப் போட்டு, நெட்வொர்க்கில் பேசும் ஐந்து ஐபி போன் ஓட்டுகிறோமுங்க. இரண்டு பேர் பேசினால் தெளிவாக இருக்குது. மூன்றாவது ஆளைக் கான்பரன்ஸில் சேர்த்தால் எல்லார் குரலும் வெட்டி வெட்டி வருது. ஹோல்டில் போட்டால் பாட்டும் திக்குது. ரவுட்டரை மாற்றணுமுங்களா?
- வாசகர், பல்லடம்

பதில்: ரவுட்டரில் கை வைக்க வேண்டாம். இருவர் மட்டும் பேசும்போது ஒரு போன் அனுப்பும் பாக்கெட்டை (குரலின் சின்னத் துண்டு) ஆஸ்டரிஸ்க் வந்த வேகத்திலேயே மறு போனுக்குத் தள்ளிவிடுகிறது; தாளம் போனுடையது. கான்பரன்ஸிலும் ஹோல்டு இசையிலும் பாக்கெட்டைச் சர்வரே உருவாக்கி, 20 மில்லி செகண்டுக்கு ஒன்று வீதம் நொடிக்கு 50 அனுப்பியாக வேண்டும். இங்கே மட்டும் வெட்டுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்வரின் டைமிங்கை.

ஆஸ்டரிஸ்க் கன்சோலில் ‘டைமிங் டெஸ்ட்’ என்று அடியுங்கள். எந்த டைமிங் மாட்யூல் ஓடுகிறது, 1000 மில்லி செகண்டில் எத்தனை துடிப்பு வந்தது என்று காட்டும். 50 வர வேண்டும். சும்மா இருக்கும் சர்வரில் சோதித்தால் பெரும்பாலும் 50 தான் வரும். கான்பரன்ஸ் ஓடும்போதே சோதியுங்கள். மாட்யூல் ‘டைமர்எஃப்டி’ ஆக இருப்பது நல்லது. ‘பீதிரெட்’ என்று வந்தால், மாட்யூல்ஸ் கோப்பில் டைமர்எஃப்டியை யாராவது ‘நோலோட்’ போட்டு நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மாட்யூல் சரியாக இருந்தும் துடிப்பு குறைந்தால் பவரைப் பாருங்கள். பழைய செல்போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும்தான் பல இடங்களில் குற்றவாளி. பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். லினக்ஸில் ‘விசிஜென்கமாண்ட் கெட்_த்ராட்டில்டு’ (vcgencmd get_throttled) கட்டளைக்கு 0எக்ஸ்0 என்று பதில் வந்தால் நல்லது. வேறு எண் வந்தால் வோல்டேஜ் இறங்கியோ சூடேறியோ பிராசசர் வேகத்தைக் குறைத்திருக்கிறது. 80 டிகிரியை நெருங்கினாலே அது வேகத்தை இழுத்துப் பிடிக்கும். சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில், பஞ்சு பறக்கும் குடோனில் வைத்தால் ஹீட்சிங்க் பஞ்சடைத்து அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும். சர்வரை வீட்டுக்குள் கொண்டுவந்து சின்ன ஃபேன் மாட்டுங்கள்.

அழைப்புகளை எஸ்டி கார்டில் பதிவு செய்கிறீர்களா? கார்டு எழுதத் திணறும் நேரத்தில் குரலும் நின்று போகும். பதிவை யுஎஸ்பி எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஹோல்டு பாட்டை எம்பி3-ஆக விடாமல் 8000 ஹெர்ட்ஸ் மோனோ வேவ் கோப்பாக்குங்கள். ஐந்து போனிலும் ஒரே கோடெக் (குரலை எண்ணாக மாற்றும் முறை), ஜி.711 ஏ-லா, வைத்தால் சர்வருக்கு மாற்றும் வேலை மிச்சம்.

கேள்வி: தென்னந்தோப்பு தாண்டி அரை கிலோமீட்டரில் இருக்கிற சாளைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை லிங்க். ஆடி மாதம் மட்டும் பேச்சு அறுந்து அறுந்து வருதுங்க. ஜிட்டர் பஃபரைக் கூட்டியும் பலனில்லை.
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஜிட்டர் பஃபர் என்பது பாக்கெட்டைச் சற்றுத் தேக்கி வைத்துச் சீராகத் தருவது; அது தாமதமாக வரும் பாக்கெட்டைத்தான் காப்பாற்றும், தொலைந்த பாக்கெட்டைத் திரும்பக் கொண்டுவராது. உங்களுக்குத் தொலைகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மட்டைகள் ஆடி லிங்க்கின் குறுக்கே வந்து வந்து போகின்றன. அரை கிலோமீட்டருக்கு நடுவழியில் சுமார் இரண்டரை மீட்டர் ஆரத்துக்கு அலை பரவியிருக்கும். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்ற நினைப்பு இங்கே தவறு.

காற்றடிக்கும் நேரத்தில் அளந்து பாருங்கள்: ‘சூடோ’ போட்டு, பிங்கில் (பாக்கெட் போய்த் திரும்புகிறதா என்று பார்க்கும் கட்டளை) இடைவெளி 0.02 நொடி, அளவு 172 பைட், எண்ணிக்கை 1000. ஜி.711 பேச்சு ஒரு திசையில் போவதும் இதே வேகம், இதே 200 பைட் பாக்கெட்தான். ஒரு சதவீதத்துக்கு மேல் தொலைந்தால் காதில் தெரியும். குழாய்க் கம்பத்தை உயர்த்துங்கள். முடியாவிட்டால் ஃபைபர் கேபிள் புதையுங்கள். செப்புக் கேபிள் வேண்டாம். 100 மீட்டருக்கு மேல் ஈதர்நெட் போகாது, இடியும் இறங்கும்.

கேள்வி: வெளியூரில் செல்போன் டேட்டாவில் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, ஒரு பக்கம் மட்டுமே குரல் கேட்கிறது. ஏன்?
- வாசகர், கோபி

பதில்: மணியடிக்க வைப்பது எஸ்ஐபி, குரல் போவது ஆர்டிபி, இரண்டும் தனித்தனி போர்ட். உங்கள் சர்வர் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் தன் 192.168 முகவரியைச் சொல்லிவிடுகிறது, வெளியே இருக்கும் போன் அந்த முகவரிக்குக் குரலை அனுப்பித் தொலைக்கிறது. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜியை (எஸ்ஐபி தகவலை ரவுட்டரே திருத்தும் வசதி) அணையுங்கள். 10000 முதல் 20000 வரை போர்ட்டைத் திறந்து வைப்பதைவிட, வயர்கார்டு விபிஎன் (இணையத்துக்குள் தனிப் பாதை) போட்டு, பாதை மூடாமல் காக்கும் கீப்அலைவை 25 நொடி வைத்து, செல்போனை உள் நெட்வொர்க்குக்குள் கொண்டுவருவது நல்லது. விபிஎன் முகவரி வரிசையை ஆஸ்டரிஸ்கின் ‘லோக்கல்_நெட்’டில் (உள் நெட்வொர்க் எவை என்று சொல்லும் அமைப்பு) சேர்க்க மறக்காதீர்கள்; சேர்க்காவிட்டால் அதே ஒரு பக்கக் குரல் வரலாம்.