பால் கேட்டு அழாத பிள்ளை

(பச்சிளங் குழந்தைகள் பிரிவில் 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர், வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பகுதி)

வணக்கம் சிஸ்டர். எனக்கு இது முதல் பிரசவம். பிரஷர் ஏறியதால் 36 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பையன். பிறந்தபோது 2 கிலோ 350 கிராம். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை என்று சொல்லி இரண்டு நாள் லைட்டில் வைத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இன்று பதினோராம் நாள். எடை போட்டதில் 2 கிலோ 180தான் காட்டியது. நாலு இழுப்பு இழுத்துவிட்டு மார்பிலேயே தூங்கிவிடுகிறான். பால் வேண்டும் என்று அழுவதே இல்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ‘சாதுவான பிள்ளை’ என்கிறார்கள். எனக்குக் காம்பு வெடித்து ரத்தம் வருகிறது. ‘உனக்குப் பால் ஊறவில்லை, பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடு, காலை வெயிலில் காட்டு’ என்கிறார் மாமியார். அம்மா பால் பவுடர் வாங்கி வைத்திருக்கிறார். எனக்குத்தான் பால் கொடுக்கத் தெரியவில்லையா?
— பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

தாயி, உங்கள் கடிதம் கைக்கு வந்தபோது பிள்ளைக்குப் பதினான்கு நாள் ஆகியிருந்தது. அடுத்த இதழ் வரை காத்திருக்கக்கூடிய கேள்வி இல்லை என்பதால், கடிதத்தில் இருந்த எண்ணில் அன்றே பேசினேன். அன்று மாலையே டாக்டரிடம் காட்டினீர்கள். ரத்தத்தில் மஞ்சள் இறங்கியிருந்தது. எடை மட்டும் ஏறவில்லை. போனில் சொன்னதைத்தான் உங்கள் சம்மதத்தோடு இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்களுக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளைக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அவன் நாள் நிறையும் முன்னே வந்துவிட்டவன்.

37 வாரம் முடிந்தால்தான் நிறைமாதம். 34 முதல் 36 வாரத்துக்குள் பிறக்கும் குழந்தைகள் பார்வைக்கு நிறைமாதக் குழந்தைபோலவே இருப்பார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். இன்குபேட்டர் பெட்டியில் இருக்கும் ஒரு கிலோ குழந்தையைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும். இரண்டேகால் கிலோ குழந்தையைத் தாயின் பக்கத்தில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று இசைவது 34 வாரத்துக்கு மேல்தான் கைகூடத் தொடங்கும். கைகூடினாலும் தெம்பு இருக்காது. நாலு இழுப்பில் களைத்துத் தூங்கிவிடுவான். வயிறு நிறைந்து தூங்குவதும் களைத்துப்போய்த் தூங்குவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. 1988-ல் என் மூத்த மகள் எட்டு மாதம் முடிந்து சில நாளில் பிறந்தாள். அப்போதே நான் நர்ஸ். ‘தொந்தரவே இல்லை, ராத்திரி முழுக்கத் தூங்குகிறாள்’ என்று பார்க்க வந்த ஹெட் சிஸ்டரிடம் பூரித்துப்போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் துணியை விலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்கு நுனியையும் பிறகு நெஞ்சையும் விரலால் அழுத்தி எடுத்தார். இரண்டு இடத்திலும் மஞ்சள். ‘கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள்?’ என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் அதற்குப் பிறகு வார்டில் ஒவ்வொரு தாயிடமும் கேட்டுவந்தேன்.

பால் குறைவாக இறங்கினால் மலம் குறைவாகப் போகும். மஞ்சளை உண்டாக்கும் பிலிருபின் வெளியேறும் முக்கிய வழி மலம். அது குடலிலேயே தங்கினால் மறுபடி ரத்தத்துக்குத் திரும்பும். மஞ்சள் ஏறினால் பிள்ளை இன்னும் மந்தமாகும். மந்தமானால் இன்னும் குறைவாகக் குடிக்கும். இந்தச் சுற்றை நாம்தான் அறுக்க வேண்டும். அவன் அழுது கேட்பான் என்று காத்திருக்கக் கூடாது. இரவோ பகலோ, ஒருமுறை குடிக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டரை மணி நேரம். அதற்குமேல் தூங்கவிடாதீர்கள்.

எழுப்புவது எப்படி என்று போனில் கேட்டீர்கள். சுற்றியிருக்கும் துணியை முதலில் அவிழுங்கள். தொப்பி, கையுறை, இரண்டு போர்வை என்று பொதிந்து வைத்தால் எந்தக் குழந்தையும் தூங்கும். ஈரத்துணியை மாற்றி, முதுகையும் உள்ளங்காலையும் தேய்த்துவிட்டு, வெறும் உடம்போடு உங்கள் மார்பில் போட்டு, மேலே ஒரு புடவைத் துணியை மூடிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்து தேடுவான்.

ஆபரேஷன் தையல் இருக்கிறதே, மடியில் போட்டுக் கொடுத்தால் வலிக்கும். கக்கத்தில் பையை இடுக்குவதுபோல, கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி பிடித்துக்கொண்டு, கழுத்தைக் கையால் தாங்கிக் கொடுங்கள். காம்பை மட்டும் கவ்வினால் உங்களுக்கு வெடிக்கும், அவனுக்கும் பால் வராது. வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போகும்படி பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோகாதீர்கள். தாடை மார்பில் அழுந்தியிருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். வலித்தால் இழுக்காதீர்கள், சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மறுபடி போடுங்கள். உறிஞ்சுவது நின்றதும் மார்பை மெல்ல அழுத்துங்கள், பால் வாயில் இறங்கும், மறுபடி விழுங்குவான். கடைசித் துளிப் பாலைக் காம்பிலேயே தடவிக் காயவிடுங்கள்.

ஒரு வேளைக்கு அரைமணி நேரத்துக்குமேல் போராட வேண்டாம். குடித்த பாலின் தெம்பு குடிப்பதிலேயே செலவாகிவிடும். பிறகு கையால் பாலைப் பீய்ச்சிக் கொதிநீரில் சுத்தம் செய்த எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, பாலாடையில் புகட்டுங்கள். நம் பாட்டிமார் பயன்படுத்திய அதே மூக்கு நீண்ட பாலாடைதான். தமிழ்நாட்டில் குறைமாதக் குழந்தைகள் வார்டுகளில் இன்றும் அதைத்தான் கையில் எடுக்கிறோம். பாட்டிலைவிடச் சுத்தம் செய்வது எளிது. படுக்கவைத்து ஊற்றாதீர்கள். பாதி நிமிர்த்தி, பாலாடையின் மூக்கை வாயோரத்தில் வைத்து, அவன் விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. இந்த எடைக்கு இந்த வயதில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 330 மில்லி தேவை. பத்து வேளை என்றால் வேளைக்கு 33 மில்லி. உங்கள் டாக்டரும் இதையொட்டித்தான் அளவு எழுதியிருக்கிறார், அதையே பின்பற்றுங்கள்.

உங்களுக்குப் பால் ஊறவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆபரேஷன், பிரஷர், முன்கூட்டிய பிரசவம் மூன்றும் சேர்ந்தால் பால் இறங்க நாலைந்து நாள்கூட ஆகும். அதன்பிறகு, எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவு ஊறும். பிள்ளைக்கு எடுக்கத் தெம்பில்லாததால்தான் குறைந்திருக்கிறது. பத்து நாள் விடாமல் பீய்ச்சிப் பாருங்கள், இரவில் ஒரு வேளையாவது சேர்த்து. பூண்டும் சுறாப்புட்டும் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடுதான். ஆனால் பீய்ச்சாமல் அவை மட்டும் பால் தராது.

தண்ணீர் கலந்த பசும்பால் வேண்டவே வேண்டாம். கலக்காததும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாக அது ஆகாது. அம்மா வாங்கிய பவுடரைப் பற்றி இப்படிச் சொல்கிறேன்: எடை ஏறாமல், பீய்ச்சிய பாலும் போதாமல் இருந்தால், டாக்டர் சொல்லும் அளவில் சில நாள் கொடுப்பது தோல்வி கிடையாது. பிள்ளைக்கு முதலில் வயிறு நிறைய வேண்டும். டப்பா சீக்கிரம் தீரக்கூடாதென்று தண்ணீரைக் கூட்டிக் கரைப்பதுதான் ஆபத்து.

மாமியார் சொன்ன வெயில் விஷயம். அவர்மேல் கோபப்படாதீர்கள், அதில் ஒரு உண்மை இருக்கிறது. 1956-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், ராச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவை நடத்திய சிஸ்டர் ஜீன் வார்டு, நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துப்போவார். ஒரு குழந்தையின் உடம்பெல்லாம் மஞ்சள் மங்கியிருக்க, துணியின் மூலை மறைத்திருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே நிற்பதைக் கண்டு டாக்டர்களிடம் காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் உங்கள் பிள்ளையை வைத்த நீல விளக்கு. 1958-ல் அந்த மருத்துவமனை டாக்டர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். ஒரு செவிலியரின் கண் கண்டுபிடித்தது என்று ஒவ்வொரு முறையும் பெருமையோடு சொல்லுவேன். ஆனால் விளக்கில் தேவையான நீல ஒளி மட்டும், அளவோடு, மணிக்கணக்கில் விழுகிறது. வாசல் வெயிலில் அப்படிக் கிடைக்காது. உங்கள் பையன் எடைக்கு, துணியில்லாமல் காலையில் வைத்தால் குளிரும், வெயில் ஏறினால் சுடும். மாமியாருக்கு வேறு வேலை கொடுங்கள். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்புறம், பால் குடித்ததற்கு ஒரு கோடு, ஒன்றுக்குப் போனதற்கு ஒரு வட்டம், வெளிக்குப் போனதற்கு ஒரு புள்ளி போடச் சொல்லுங்கள். முதல் வாரத்துக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு வட்டமாவது வேண்டும். மலம் மஞ்சளாக இருக்க வேண்டும். துணியில் செங்கல் பொடிபோல் கறை இந்த வயதில் தெரிந்தால் பால் போதவில்லை. எடை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். வாரம் இருமுறை அதே தராசில் போடுங்கள்.

அடுத்தடுத்து இரண்டு வேளை குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்காலுக்கு இறங்கினாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தொட்டாலோ, விலா உள்வாங்கினாலோ, உடம்பு 99.5 டிகிரிக்கு மேல் சுட்டாலோ, வயிறு தொட்டால் சில்லென்று இருந்தாலோ, வெட்டி இழுத்தாலோ, 108-ஐக் கூப்பிடுங்கள். தொக்கம் எடுப்பவரிடம் போய் நேரத்தை இழக்காதீர்கள். இன்னொன்று, அவசரமில்லாததுபோல் தோன்றும், ஆனால் அவசரம்தான்: மூன்று வாரத்துக்கு மேலும் மஞ்சள் நின்றாலோ, எப்போதாவது மலம் வெளுத்துச் சுண்ணாம்புபோலப் போனாலோ, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால் அறுபது நாளுக்குள் அறுவை செய்வதுதான் நல்லது.

நேற்று நீங்கள் அனுப்பிய செய்தியில் 2 கிலோ 240 என்று பார்த்தேன். அதோடு வந்த காலண்டர் தாளின் படத்தை நானும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சிஸ்டர், பேத்தி பிறக்கப்போகிறாள். பிறந்தவுடன் பெரியவர் ஒருவர் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு. மருமகள் கூடாது என்கிறாள்.
— ஒரு பாட்டி, தேனி

மருமகள் சொல்வது சரி, அக்கா. தேனில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் அவற்றால் ஒன்றும் ஆகாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து, உறிஞ்சும் சக்தியையும் மூச்சையும் தளர்த்திவிடும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், கோரோசனை எதுவும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும். ஆபரேஷன் என்றாலும் அப்படித்தான். முதல் நாள் அது வேளைக்கு ஒரு ஸ்பூன் அளவுதான் வரும், வயிறும் அவ்வளவுதான். பெரியவர் பேத்தியை மடியில் வாங்கி, காதில் பெயரைச் சொல்லட்டுமே. தேன் தொட்டு வைப்பவரின் குணம் வரும் என்பார்களே, அது அவளுக்கு அதிலேயே வந்துவிடும்.

என் மகள் 1 கிலோ 600 கிராமில் பிறந்து குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். மனைவி இன்னும் ஐ.சி.யு.வில். தாய்ப்பால் வங்கியிலிருந்து வேறொருவர் பாலைக் கொடுக்கிறார்கள். பயமாக இருக்கிறது. என்னால் என்ன செய்ய முடியும்?
— பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

தம்பி, பயப்படாதீர்கள். பால் தரும் தாயின் ரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி, கிருமிச் சோதனையும் செய்துதான் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் இது 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கியது. இந்த எடைக்குப் பவுடரைவிட இதுவே குடலுக்குப் பாதுகாப்பு. மனைவியின் உடல்நிலை இடம் கொடுத்ததும், ஐ.சி.யு.விலேயே பீய்ச்ச உதவும்படி அங்குள்ள நர்ஸிடம் கேளுங்கள். சில சொட்டு கிடைத்தாலும் வார்டுக்குக் கொண்டுவாருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது பெரியது. கங்காரு முறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் போகோட்டா நகரில், குழந்தைகளை வைக்கப் பெட்டிகள் போதாமல் தாய்மாரின் மார்பில் கட்டிவைத்ததில் தொடங்கியது. தந்தையின் மார்பும் அதே சூடுதான். சூடு சீராக இருந்தால், குடிக்கிற பால் எடையாக மாறும். குளித்து, நகம் வெட்டி, முன்பக்கம் திறக்கும் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் அந்த வாடையோடு போகாதீர்கள். சாய்ந்த நாற்காலி ஒன்று கேளுங்கள். அவளுக்குத் தொப்பியும் நாப்கினும் மட்டும். முகம் ஒருபக்கம் திரும்பி, மூக்கு கண்ணுக்குத் தெரியும்படி நெஞ்சில் நிமிர்த்தி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து எடுக்காதீர்கள், முடிந்தால் நாளெல்லாம். மற்ற பெண்கள் இருக்கும் வார்டில் சட்டையைத் திறக்கக் கூச்சமாக இருக்கும். நர்ஸிடம் ஸ்கிரீன் போடச் சொல்லுங்கள், போடுவார்கள்.