அவர் லெபனானில், நாங்கள் குளுவாங்கில்: அக்காவிடம் கேளுங்கள்

ராணுவக்காரர் மனைவியாக 22 வருஷம். பாதி மலேசியாவின் குளுவாங்கில் மக்கோத்தா கெம் என்ற ராணுவ முகாம் குவார்ட்டர்ஸில், மீதி தோட்டத்தில் மாமியாரோடு. நீங்கள் கேட்டதற்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அவர் லெபனான் போய் இரண்டு மாதம். செய்தியைப் பார்த்தாலே கை நடுங்குகிறது, அக்கா.

ஒரு நாளைக்கு ஒரு தடவை பாருங்கள், போதும். படுக்கும் நேரத்தில் வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுகளைத் திறக்கவே திறக்காதீர்கள். ஐநா அமைதிப்படைக்காக 2007லிருந்து நம் ஆட்கள் அங்கே போய் வருகிறார்கள். அதனால் உங்களுக்கு முன்னால் இதே பயத்தோடு இருந்தவர்கள் கெம்மில் நிறைய பேர். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரி உங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வாள். தோட்டத்தில் அது நடக்காது, அங்கே நீங்கள் ஒருத்திதான். வெளியே குடியிருந்தாலும் பாக்காட் கூட்டத்துக்குப் போங்கள். ராணுவக் குடும்பங்களின் நலச் சங்கம் அதுதான். மலாய் தடுமாறுமே என்று கூச்சப்படாதீர்கள், நானும் தடுமாறித்தான் பேசினேன். அப்புறம், அவருடைய படைப்பிரிவில் உங்கள் இப்போதைய போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

ஐந்து வயது மகன் அப்பாவைக் கேட்கிறான். "நாளைக்கு வருவார்" என்று சமாளிக்கிறேன்.

அந்த நாளை எத்தனை முறை வரும்? நான் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டினேன். லெபனான் நம்மைவிட 6 மணி நேரம் பின்னால், கோடையில் 5. "நமக்கு ராத்திரி எட்டு, அப்பாவுக்கு இப்பத்தான் மத்தியானம்" என்று என் மகள் கோயிலில்கூட எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மைத்துனர் அலவன்ஸ் பணத்தைக் கடன் கேட்கிறார்.

அவரையே உங்கள் வீட்டுக்காரரிடம் பேசச் சொல்லுங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

அவர் திரும்பி வந்துவிட்டார். ஆனால் வேற்றாள் மாதிரி இருக்கிறார்.

போவதைவிட வருவதுதான் கஷ்டம், இதை யாரும் நம்மிடம் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் வந்த புதிதில் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசல் கேட் பூட்டை இழுத்துப் பார்ப்பார். எனக்கும் குறை இருந்தது. ஒரு வருஷம் நானே பில் கட்டி, நானே பிள்ளையை அதட்டிப் பழகிவிட்டேன். அவர் ஏதாவது சொன்னால் எரிச்சல் வரும். முதல் வாரமே விருந்து வைத்துச் சொந்தக்காரர்களைக் கூட்டாதீர்கள். "அங்கே என்ன நடந்தது" என்று துருவாதீர்கள். தீபாவளி வந்தால் பக்கத்து லயத்துப் பையன்களிடம் பட்டாசு எத்தனை மணிக்கு என்று கேட்டு, அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில வாரம் ஆகியும் தூக்கமில்லை, குடி கூடுகிறது என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கை நீட்டினாலோ பொறுத்துப் போக வேண்டியதில்லை, அரசாங்க உதவி எண் 15999க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

நான் மாமியார். மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவளுக்குத் தூக்கம் இல்லையம்மா. சாயங்காலம் பேரனை ஒரு மணி நேரம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் துணி மடிக்கச் சொல்லிவிடாதீர்கள்.