பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வருகிறது, வயிறும் வலிக்கிறது. இது ஐபிஎஸ் என்கிற குடல் எரிச்சல் நோய்தானா?

தண்டையார்பேட்டையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், டாக்டர் இல்லை. ஆனால் இந்தப் பிரச்சினையோடு யாரும் வராத நாள் கிடையாது. பெரும்பாலும் "ண்ணா, ஒரு கேஸ் மாத்திரை குடு" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஐபிஎஸ்ஸுக்கு டாக்டர்கள் பார்ப்பது ரோம் 4 என்று 2016இல் உலகக் குடல் நிபுணர்கள் வெளியிட்ட வரையறை. கடைசி 3 மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும், தொந்தரவு தொடங்கி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். கூடவே இந்த மூன்றில் இரண்டு: மலம் கழிக்கும்போது வலி கூடுவது அல்லது குறைவது, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது. நீங்கள் சொல்வது இதற்கு ஒத்துவருகிறது. அதற்காக அதுதான் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

நான் முதலில் கேட்பது, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து பாத்ரூமுக்கு ஓட வைக்கிறதா என்றுதான். ஐபிஎஸ் பொதுவாகத் தூங்க விடும். அப்புறம் எடை குறைகிறதா, ரத்தசோகை உண்டா, ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாக ஆரம்பித்ததா. இதில் ஒன்று இருந்தாலும் வேறு நோயா என்று டாக்டரிடம் பார்க்க வேண்டும். மலத்தில் ரத்தம் என்றால் எல்லோரும் தாங்களே "மூலம்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பெருங்குடல் புற்றுநோயிலும் ரத்தம் போகும், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மலம் கறுத்தால் உள்ளே ரத்தம் கசியலாம், இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் குடல் டிபியையும் மறக்கக் கூடாது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில், அதாவது வலது அடிவயிற்றில்தான் அதிகம் வரும். இருமலே இல்லாமலும் இருக்கும். சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பது, விட்டு விட்டு வலி. கிரோன் என்கிற நாள்பட்ட குடல் அழற்சி நோயும் அதே இடத்தில் அதே மாதிரி வருவதால் கொலோனோஸ்கோப்பியில் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தும், பயாப்சிக்குச் சதை எடுத்துச் சோதித்தும் சில சமயம் பிரிப்பது கஷ்டம். கிரோனுக்குத் தரும் ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், அது டிபி உள்ளவருக்குப் போனால் நோய் பெருகும். இந்த அறிகுறி இருந்தால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் குடல் நோய்க்கென்று இருக்கும் பிரிவில் காட்டுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், பால் ஒத்துக்கொள்ளாததால் வருகிறதா என்று இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். டீயில் ஊற்றுகிற பாலும் கணக்கில் சேரும். மலச்சிக்கலுக்கு இசப்கோல் என்கிற நார்ச்சத்து உமி நல்லது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பேதியை நிறுத்தும் லோபரமைடை மட்டும் காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது போடாதீர்கள். கடையில் சண்டைக்கு வந்தாலும் அப்போது நான் தருவதில்லை.