தினமும் ஆஸ்துமா மாத்திரை போட்டால் உடம்பு அதற்கு அடிமையாகிவிடுமா? மாத்திரை இருந்தால் இன்ஹேலரை விட்டுவிடலாமா?

உங்களைக் குழப்பியது வீட்டுப் பெரியவர் யாரோதான் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, செல்லூரில் பிறந்து வளர்ந்த பழைய இழுப்புக்காரன்.

ராத்திரி சாப்பிட்டதும் மாண்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை 10 மி.கி. போடுகிறேன். காலையும் மாலையும் ஸ்டீராய்டு இன்ஹேலர். அதுதான் முக்கிய மருந்து. இழுப்போடு தும்மலும் மூக்கடைப்பும் சேர்ந்தே வருவதால்தான் டாக்டர் மாத்திரையையும் சேர்த்தார். தூசி, புகை பட்டால் உடம்பில் லுகோட்ரையீன் என்று ஒன்று ஊறி மூச்சுக்குழாயை வீங்க வைத்துச் சுருக்குமாம். மாத்திரை அதன் வேலையைத் தடுக்கிறது. நிறுத்தினால் பழைய தொல்லை திரும்பலாம், அவ்வளவுதான். அதற்குப் பெயர் அடிமைத்தனமா?

உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் ஒரு காதுகுத்து. பந்தியில் எல்லார் முன்னாலும் சித்தப்பா, "என்னடா, இன்னும் மாத்திரையை விடலையா?" என்றார். சிரித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தாய்மாமன் சீர் வந்தது, கூடவே சரவெடி. புகை நெஞ்சை அடைத்ததும் நான் தேடியது மாத்திரையை அல்ல, பையிலிருந்த, உடனே மூச்சைத் திறந்துவிடும் சால்பியூட்டமால் இன்ஹேலரை. இழுப்பு வந்தபின் இந்த மாத்திரை உதவாது, வராமல் குறைப்பதற்குத்தான் அது.

இந்த வெடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் வெடி, சாவுக்கும் வெடி. பக்கத்து வீட்டில் மூச்சுத் திணறிக் கிடப்பவரைப் பற்றி யாருக்குக் கவலை? கேட்டால் "சந்தோசத்தைக் கெடுக்காதீங்க" என்பார்கள்.

மாத்திரைக் கம்பெனிக்கு விளம்பரம் என்று கிளம்பாதீர்கள், குறையும் உண்டு. அக்கா மகனுக்கு இதே மாண்டெலுகாஸ்டில் 5 மி.கி. மெல்லும் மாத்திரை கொடுத்தபோது கெட்ட கனவு, எரிச்சல், அழுகை. டாக்டரிடம் சொன்னதும் நிறுத்திவிட்டார். மனநிலை மாற்றம், தற்கொலை எண்ணம் வரைக்கும் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020இல் கடும் எச்சரிக்கையே போட்டது. எனக்கு ஒன்றும் வரவில்லை என்பதற்காக உங்களுக்கும் வராது என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், உங்கள் மாத்திரையின் பெயரைச் சொல்லவில்லையே. தியோபிலின் என்றால் கதை வேறு. அளவு கொஞ்சம் கூடினாலே வாந்தி, படபடப்பு வரும். சிப்ரோஃப்ளாக்ஸாசின் மாதிரி சில ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். அதனால் காய்ச்சலுக்கு வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை எழுதிய மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.