ஏரிக்கரைச் சாமி யார்?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஏரியைத் தூர் வாரியபோது சம்மணம் போட்டு உட்கார்ந்த கருங்கல் சிலை ஒன்று கிடைத்தது. வேப்பமரத்தடியில் வைத்திருக்கிறோம். சிலர் புத்தர் என்கிறார்கள், சிலர் முனீஸ்வரன் என்கிறார்கள். பாசியைச் சுரண்டி பெயிண்ட் அடிக்க வசூல் நடக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் விலைக்கும் கேட்டார். என்ன செய்யலாம்?
– வாசகி, குடியாத்தம் பக்கம்

பதில்: அம்மா, முதலில் அந்த வசூலை நிறுத்தச் சொல்லுங்கள்.

சிலையின் இடது தோளைப் பாருங்கள். புத்தர் என்றால் பெரும்பாலும் போர்வையின் விளிம்பு அங்கிருந்து மார்புக்குக் குறுக்கே கோடாக இறங்கும். உச்சந்தலையில் ஒரு மேடு இருக்கும். சமணர் வணங்கும் அருகர்களான தீர்த்தங்கரர் என்றால் மேலே துணியே இராது. தலைக்கு மேல் முக்குடை, அதாவது மூன்றடுக்குக் குடை, இருபுறமும் சாமரம் வீசுவோர். பாம்பு படமெடுத்துக் குடை பிடித்தால் பெரும்பாலும் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர்.

நம் பக்கத்துச் சிலை என்பதால் என் மனம் தீர்த்தங்கரர் என்றே சொல்கிறது. வள்ளி பிறந்த இடமாக நாம் கும்பிடும் வள்ளிமலையிலேயே சமணப் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலைக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். பெயர்தான் பாண்டவர், இருந்தவர்கள் சமண முனிவர்கள். பல்லவ மன்னர் நந்திப்போத்தரசரின் 50-ஆவது ஆட்சியாண்டில் பொன்னியக்கியார் என்ற சமண இயக்கியின் (பெண் தெய்வத்தின்) படிமத்தை ஒருவர் ‘கொட்டுவித்தான்’, அதாவது செதுக்கச் செய்தான் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. அவர் அரசரல்லர், ஒரு மருத்துவர் மகன், நாரணன். அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். உங்கள் சிலைக்கும் அப்படி ஒரு நாரணன் இருந்திருப்பார்.

எங்கள் பக்கத்து ஊரில் இதேபோல ஒரு சிலையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். பீடத்தில் மேலோட்டமாக வெட்டியிருந்த எழுத்து அன்றைக்கே போயிற்று. அதன்மேல் மஞ்சள் எனாமல். இப்போது கண் எது, காது எது என்று தெரியவில்லை. நான் ஒரு நாள் முன்னால் போயிருக்கலாம்.

ஆகவே வெறும் தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவு போதும். விலை கேட்டவரை அனுப்பிவிடுங்கள். நூறாண்டு கடந்த சிலை தொல்பொருள்; 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. மண்ணிலிருந்து எடுத்ததை விஏஓவிடமும் தாசில்தாரிடமும் எழுதிக்கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரார் விளக்கேற்றிக் கும்பிடட்டும், அதில் தவறேதும் இல்லை.

எனக்கு இரண்டு படம் அனுப்புங்கள்: இடது தோள் ஒன்று, பீடம் ஒன்று. பீடத்தைக் காலை வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். எழுத்து இருந்தால் அப்போதுதான் எழும்பித் தெரியும்.