சாயும் ஜன்னல் தாழ்ப்பாள்: கேள்வி பதில்

சேலத்துப் புது வீடுகளிலும் ஏற்காட்டு விடுதிகளிலும் உள்பக்கமாகச் சாயும் யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல்கள் நிறைய வந்துவிட்டன. மாட்டுகிறவர்கள் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், எப்படித் திறப்பது என்று சொல்வதில்லை. இந்த வேலையிலேயே இருக்கிறவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன. விலை மட்டும் கேட்காதீர்கள்.

ஏற்காடு, விடுதி நடத்துபவர்: அண்ணா, விருந்தாளி ஒருத்தர் ஹேண்டிலை எப்படியோ திருப்பிவிட்டார். ஜன்னல் கதவு ஒரு மூலையில் தொங்குகிறது. விழுந்துவிடுமா?

சட்டென்று விழாது, ஆனால் பிடித்த கையை விடவும் வேண்டாம். முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஹேண்டில் கீழே பார்த்தால் பூட்டு. படுக்கையாக இருந்தால் கதவு மாதிரிப் பக்கவாட்டில் திறக்கும். மேலே பார்த்தால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். ஹேண்டிலைத் திருப்பும்போது கதவின் விளிம்புக்குள் ஒரு ஸ்டீல் பட்டை நகர்கிறது. அதில் இருக்கும் காளான் தலை முளைகள் பிரேமில் உள்ள கொண்டிகளில் போய் மாட்டும். மேலே ஒரு மடக்குக் கை உண்டு. ஹேண்டில் மேலே போனதும் அந்தக் கை கதவை விட்டு நீளும். அடிப்பக்கம் கொண்டியில் மாட்டியிருப்பதால் கதவு சாய்ந்து நிற்கும். உங்கள் விருந்தாளி கதவைப் பக்கவாட்டில் திறந்து வைத்துக்கொண்டே ஹேண்டிலை மேலே தூக்கியிருக்கிறார். மேல் கை நீண்டுவிட்டது, அடிக் கொண்டி மாட்டவில்லை. இப்போது மொத்த எடையையும் கீழ்மூலைக் கீலும் அந்தக் கையும்தான் தாங்குகின்றன.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர், கீல் இருக்கும் பக்கத்து மேல்மூலையைப் பிரேமோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர், ஹேண்டில் பக்க விளிம்பில் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் அமுக்கிக்கொண்டு ஹேண்டிலைப் படுக்கைக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் கதவைச் சாத்தி, ஹேண்டிலைக் கீழே இறக்குங்கள். அவ்வளவுதான்.

கதவு திறந்திருக்கும்போது ஹேண்டில் திரும்பாமல் தடுப்பதே அந்த நெம்புகோலின் வேலை. மலிவான செட்களில் அது இருக்காது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு அறையிலும், கதவை முழுக்கச் சாத்திய பிறகே ஹேண்டிலைத் திருப்பவும் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

சூரமங்கலம்: ஹேண்டில் ரொம்ப டைட். தேங்காய் எண்ணெய் விடலாமா சார்?

வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். சேலத்தில் மார்கழிக் காலையிலேயே உறையும், ஏற்காட்டில் கேட்கவே வேண்டாம். தூசியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் போதும். வருஷத்துக்கு ஒரு தடவை, நகரும் இடங்களில் ஒவ்வொரு சொட்டு.

ஆனால் எண்ணெய்தான் பிரச்சினையா என்று முதலில் பாருங்கள். கதவைத் திறந்து, நெம்புகோலை அமுக்கியபடி ஹேண்டிலைக் கீழுக்கும் படுக்கைக்கும் நடுவில் மட்டும் திருப்புங்கள். மேலே கொண்டுபோகக் கூடாது, ஏன் என்று முந்தைய பதிலில் இருக்கிறது. திறந்திருக்கும்போது லேசாகவும் சாத்தியதும் இறுக்கமாகவும் இருந்தால் கதவு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கீழ்க்கீலில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் 4 மி.மீ. ஆலன் கீ நுழையும் திருகு பெரும்பாலும் இருக்கும். கால் சுற்று, அரைச் சுற்று என்று மெதுவாகத் தூக்குங்கள். பலம் போட்டுத் திருப்பினால் ஹேண்டில் கையோடு வந்துவிடும்.

அம்மாபேட்டை: கையோடு வந்துவிட்டது! என்ன அளவு வாங்குவது?

7 மி.மீ. சதுரக் கம்பி, திருகு ஓட்டைகளுக்கு நடுவே 43 மி.மீ. பெரும்பாலானவை இதுதான். கம்பியின் நீளம் மாறும், பழசைக் கையில் எடுத்துப் போங்கள்.

நாகலூர்: நல்லெண்ணெய்?

மேலே பார்க்கவும்.

ஏற்காடு, ஒண்டிக்கடை: சாய்த்து வைத்தால் குரங்கு வராதுதானே அண்ணா?

பெரிய குரங்கு நுழையாது. குட்டிக்கும் கைக்கும் அந்த இடைவெளி போதும், மேஜை மேல் பிஸ்கட் பாக்கெட் இருந்தால் முயற்சி செய்து பார்க்காமல் போகாது. கதவு உள்ளே வருவதால் வலையும் கிரில்லும் வெளிப்பக்கம்தான் வர வேண்டும். கொசு வலை குரங்குக்குத் தாங்காது, கம்பி வலை போடுங்கள். இன்னொன்று, சாய்த்த ஜன்னல் பூட்டிய ஜன்னல் அல்ல. மேல் சந்தில் கைவிட்டு ஹேண்டிலைத் திருப்பத் தெரிந்த மனிதர்களும் இருக்கிறார்கள். வெளியே கிளம்பும்போது சாத்திவிட்டுப் போங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: தாழ்ப்பாள் பாகத்தில் காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட், ஒட்டாவிட்டால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதை முதலில் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன், தப்பு என்பதால். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பார்க்க 304 மாதிரியே இருக்கும், ஈரத்தில் சீக்கிரம் துரு காட்டும்.

செவ்வாய்ப்பேட்டை: உருக்காலை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்கிறீர்களே! எங்கள் வீட்டில் தலைமுறையாகக் காந்தம் வைத்துத்தான் பாத்திரம் வாங்குகிறோம்.

அந்த உருக்காலையிலேயே நாணய வில்லை வெட்டும் பிரிவு இருக்கிறது ஐயா. சட்டைப் பையில் இருக்கும் ஒரு ரூபாயை எடுத்துக் காந்தத்தில் வையுங்கள். ஒட்டும். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், குரோமியம் மட்டும் சேர்த்த ரகம். இன்னும் கேளுங்கள். அசல் 304 தகட்டையே அழுத்தி வளைத்தால் வளைந்த இடத்தில் லேசாகக் காந்தம் பிடிக்கும். ஆக உங்கள் சோதனை 202-ஐப் பாஸ் பண்ணிவிட்டு நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பும்.

சூரமங்கலம்: அப்போது எப்படித்தான் கண்டுபிடிப்பது?

சோதனைத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு, கூட வரும் பேட்டரியைத் தொட வைத்தால் மாங்கனீசு அதிகமுள்ளது சிவக்கும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: பில்லில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதுவார்கள். காந்தம் பொய் சொல்லாது.

காந்தம் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் அதனிடம் தப்பான கேள்வி கேட்கிறீர்கள். அதுவும் சாயும் ஜன்னலில் உள்ளே ஓடும் பட்டை பொதுவாகத் துத்தநாகம் பூசிய சாதா ஸ்டீல். அதில் காந்தம் ஒட்டத்தான் வேண்டும். அங்கே பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அஸ்தம்பட்டி: தம்பி, மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே மேலே தள்ளுகிற ஜன்னல், உள்ளே சாய்த்துத் துடைக்கலாம். மேல்மூலைத் தாழ் உடைந்துவிட்டது.

அம்மா, அது வேறு சாதி. அங்கே கதவின் மேல்விளிம்பில் இரண்டு மூலையிலும் ஸ்பிரிங் வைத்த தாழ் இருக்கும். இரண்டையும் நடுப்பக்கம் இழுத்தால் தலை உள்ளே சாயும். இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி மாறி இருக்கும், ஒன்றை வாங்கி இன்னொரு பக்கம் மாட்ட முடியாது. பழைய தாழின் நீளம், அகலம், திருகு ஓட்டை தூரம் மூன்றையும் அளந்து வாங்கச் சொல்லுங்கள். கதவைக் கழற்ற நேர்ந்தால் கவனம். கீழ் முளை உட்காரும் பக்கவாட்டுக் கட்டை ஸ்பிரிங் இழுப்பில் இருக்கும். பூட்டாத கட்டை விர்ரென்று மேலே போய் விரலைப் பதம் பார்க்கும்.

குகை: தாத்தா காலத்து வென்டிலேட்டர், நடுவில் சுழலும், கயிறு போட்டது. மழை உள்ளே வருகிறது.

தலை உள்ளே, அடி வெளியே வருகிற மாதிரி திறக்க வேண்டும். தலைகீழாக மாட்டியிருப்பார்கள். நல்ல ஆசாரியாகப் பார்த்துக் கூப்பிடுங்கள், எனக்கு மர வேலை தெரியாது.

வாழவந்தி: விளக்கெண்ணெய் விட்டால்…

தையல். மெஷின். எண்ணெய்.

செவ்வாய்ப்பேட்டை: ஒரு ரூபாயை வைத்துப் பார்த்தேன். ஒட்டுகிறது. ஆனால் அது நாணயம், தாழ்ப்பாள் இல்லையே?

ஐயா, திரவம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள். உங்கள் வீட்டுப் பாத்திரம் இரண்டையும் எடுத்து வாருங்கள்.