நெல்லை நாற்று விட்டு நடுவது ஏன்? வயலிலேயே நேரடியாக விதைத்தால் ஆகாதா?

நெல் விதையைச் சிறு இடத்தில் நெருக்கமாக முளைக்க விட்டு, வளர்ந்த இளம் பயிரைப் பறித்து, சேறாக்கிய வயலில் இடைவெளி விட்டு ஊன்றுவதே நடவு. விதையை வயலிலேயே தூவியோ வரிசையாகப் போட்டோ, இடம் மாற்றாமல் வளர்ப்பது நேரடி விதைப்பு.

நடவுக்கு முதன்மையான காரணம் களைதான். நெல்லும் களையும் ஒரே நாளில் முளைத்தால், பெரும்பாலும் களையே முந்திக்கொள்ளும். மூன்று வார நாற்றோ, ஓட்டப் பந்தயத்தில் இருபது அடி முன்னால் நிறுத்தப்பட்டவனைப் போல, களைவிதை முளைப்பதற்குள் தண்ணீருக்கு மேலே இலை நீட்டி நிற்கிறது. தேங்கிய நீருக்கடியில் காற்று குறைவதால் பல களைவிதைகள் முளைப்பதே இல்லை. நெல்லோ இலையிலிருந்து தண்டு வழியாகச் செல்லும் நுண்ணிய காற்றறைகளின் மூலம் வேருக்கு உயிர்வளியைக் கொண்டுசேர்த்துக்கொள்கிறது. நாற்று வளர்க்கும் அந்தச் சிறு இடமான நாற்றங்காலுக்கு வயலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடமே போதும் என்பதால், தொடக்க வாரங்களில் தண்ணீரும் மிச்சமாகிறது.

ஆனால் பறிக்கும்போது வேர் அறுபடுகிறது; நட்ட நாற்று சில நாள் வெளிறிச் சோர்ந்து, புது வெள்ளை வேர் விட்ட பிறகே பச்சை பிடிக்கிறது. அந்தத் தடங்கல் இல்லாத நேரடி விதைப்புப் பயிர் 7 முதல் 10 நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும், நடவுக் கூலியும் மிஞ்சும். எனினும் முதல் மாதத்தில் களையைக் கட்டுப்படுத்த வழியில்லாதவர் அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆழமாக ஊன்றினால்தான் பயிர் உறுதியாக நிற்கும் என்று பலர் எண்ணுவது தவறு: 2 முதல் 3 செ.மீ. ஆழமே போதும், அதற்கு மேல் புதைந்த நாற்றில் தூர் வெடிப்பது, அதாவது அடியிலிருந்து புதுத் தண்டுகள் கிளைப்பது, தாமதமாகிக் குறைந்தும் விடும்.